பழைய கன்சோல், புது ஹார்ட் டிஸ்க்: வாசகர் கேள்வி – பதில்

160 ஜிபி பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) ஸ்லிம் வைத்திருக்கிறேன். இடம் நிறைந்துவிட்டது. 2 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டுவிடலாமா? எந்த வகை வாங்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

2 டிபி வேண்டாம். 1 டிபி வரை யோசிக்காமல் போடலாம். 1.5 டிபி வரை போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் ஃபார்மட் செய்யும் கட்டத்திலேயே பிஎஸ்3 முரண்டு பிடிக்கும். 500 ஜிபிக்கும் 1 டிபிக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் 1 டிபி. ப்ளூரே டிஸ்க்கில் போட்டு விளையாடும் கேம்கள்தான் அதிகம் என்றால் 500 ஜிபியே தாராளம்.

கடையில் கேட்க வேண்டியது லேப்டாப் ஹார்ட் டிஸ்க்: 2.5 அங்குலம், சாட்டா இணைப்பு. தடிமன் 9.5 மிமீ அல்லது 7 மிமீ. 12.5 மிமீ, 15 மிமீ டிஸ்க்குகளும் இதே 2.5 அங்குலப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. அவை கன்சோலில் ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கும் தட்டுக்குள் நுழையாது. 7 மிமீ டிஸ்க் ஆடுமோ என்ற பயம் தேவையில்லை. நான்கு ஸ்க்ரூ அதைத் தட்டோடு இறுக்கிவிடும். வேகம் 5400 ஆர்பிஎம் போதும். 7200 போட்டால் சூடு கூடுகிற அளவுக்கு லாபம் கூடாது.

1 டிபி டிஸ்க் போட்டபின் திரையில் 931 ஜிபிக்கும் குறைவாகத் தெரிந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கன்சோல் 1024ஆக எண்ணுகிறது. சிஸ்டம் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பங்கும் அதில் கழிகிறது.

சேவ் எதுவும் போகாமல் டிஸ்க் மாற்றுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள். என்னுடையது பழைய பெரிய மாடல்; தம்பியிடம் ஸ்லிம் இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

ஸ்க்ரூட்ரைவரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் இதில் முக்கால்வாசி வேலை.

முதலில் டிராஃபிகளை (கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் விருதுகள்) சோனி சர்வரோடு சிங்க் செய்யுங்கள். பேக்கப்பில் டிராஃபி சேராது. அடுத்து, கேம் மெனுவில் இரண்டு இடங்கள் இருப்பதைக் கவனியுங்கள்: ஒன்று ‘சேவ்டு டேட்டா’, மற்றொன்று ‘கேம் டேட்டா’. முதலாவது நீங்கள் விளையாடிச் சேர்த்தது, அதைத் தொடக்கூடாது. இரண்டாவது, டிஸ்க் கேம்கள் தங்கள் வசதிக்காக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்த சரக்கு. அதை அழித்தாலும் அடுத்த முறை கேம் டிஸ்க்கைப் போட்டதும் மீண்டும் இறங்கிக்கொள்ளும். அழித்துவிட்டால் பேக்கப் பாதியாகச் சுருங்கிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சேவ்களை அழித்துவிட்டு வருகிற கடிதங்கள்தான் அதிகம் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

பேக்கப் எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வேண்டும். அது ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்க வேண்டும்; எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பிஎஸ்3 ஏறெடுத்தும் பார்க்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னலில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வே வராமல் போகலாம். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் செய்துகொள்ளலாம். பார்ட்டிஷன் வகை எம்பிஆர் என்று இருக்கட்டும். ஜிபிடியாக இருந்தால் ஃபேட்32 சரியாக இருந்தும் டிரைவ் தெரியாது.

இனி செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், பேக்கப் யுடிலிட்டி, பேக்கப். நூறு ஜிபி என்றால் பல மணி நேரம் ஓடும். இரவில் போட்டுவிட்டுப் படுப்பது நல்லது.

முடிந்ததும் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஸ்டான்ட்பை விளக்கு எரியும்போது கை வைக்கக்கூடாது.

உங்கள் பெரிய மாடலில் இடப்பக்கம் ஹார்ட் டிஸ்க் மூடி இருக்கிறது. மூடியை எடுத்தால் ஒரு நீல ஸ்க்ரூ. கழற்றியபின் தட்டை நேரே இழுக்காதீர்கள். முதலில் பக்கவாட்டில் நகர்த்தி கனெக்டரிலிருந்து விடுவித்து, பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். தம்பியின் ஸ்லிம்மில் அடிப்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டிய மூடியைத் திறந்தால் அதே நீல ஸ்க்ரூ இருக்கும்.

வெளியே வந்த தட்டில் டிஸ்க்கைப் பிடித்திருப்பவை நான்கு ஸ்க்ரூக்கள். இவை தொழிற்சாலையில் மிக இறுக்கமாக முடுக்கப்பட்டவை, தலை மென்மையானது. கைக்குக் கிடைத்த சின்ன ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கி வட்டமாகிவிடும், அதோடு கதை முடிந்தது. பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் அளவு முனையைத் தேர்ந்தெடுத்து, மேலிருந்து முழு பலத்தோடு அழுத்தியபடி திருகுங்கள். ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்திருந்தால் நடுவில் ஒரு அகலமான ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். பல நேரம் பிடித்துக்கொள்ளும்.

புது டிஸ்க்கைப் பழையது இருந்த அதே திசையில் வைத்து இறுக்கி, தட்டைத் தள்ளினால் கடைசி சில மில்லிமீட்டரில் கனெக்டர் ‘பிடிக்கிற’ உணர்வு கையில் தெரியும். தெரியாவிட்டால் நீல ஸ்க்ரூவைப் போட வேண்டாம். வெளியே எடுத்து மறுபடி தள்ளுங்கள்.

கன்சோலைப் போட்டதும் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். சம்மதித்து, சிஸ்டம் ஏறியபின் அதே பேக்கப் யுடிலிட்டியில் ரீஸ்டோர். ரீஸ்டோர் செய்யும்போது டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்த பிறகே பேக்கப் இறங்கும். ஆகவே நடுவில் ஒரு கேம் விளையாடிப் பார்த்துவிட்டு அப்புறம் ரீஸ்டோர் செய்யலாம் என்ற எண்ணம் கூடாது. காப்பி தடை உள்ள சேவ்களும் திரும்பி வரும், ஆனால் பேக்கப் எடுத்த அதே கன்சோலில் மட்டும்.

டிஸ்க்கை மாற்றினேன். அப்டேட் ஃபைல் உள்ள மீடியாவை இணைக்கச் சொல்கிறது. நண்பனின் பிஎஸ்3 இப்படி எதுவும் கேட்கவில்லையே? பென் டிரைவில் ஃபைலைப் போட்டும் ‘இல்லை’ என்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

இரண்டும் பழுதில்லை. ஆரம்ப கால பிஎஸ்3க்களில் மதர்போர்டிலேயே 256 எம்பி நான்ட் என்ற நினைவகச் சிப் இருக்கிறது. சிஸ்டம் மென்பொருள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ஃபார்மட் மட்டும் கேட்கும். பிறகு வந்த மாடல்களில் செலவைக் குறைக்க 16 எம்பி நார் சிப் வைத்தார்கள். மீதி மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கில்தான். டிஸ்க் போனால் அதுவும் போய்விடும், புதிதாக ஏற்ற வேண்டும். நண்பருடையது முதல் வகை, உங்களுடையது இரண்டாவது.

பென் டிரைவைப் படிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்தான். டிரைவின் முதல் நிலையில் பிஎஸ்3 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர். இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். அதற்குள் சோனி தளத்திலிருந்து இறங்கிய ஃபைல், சுமார் 200 எம்பி, பெயர் மாறாமல். ஒரே ஃபைலை இரண்டாம் தடவை டவுன்லோட் செய்தால் கணினி பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று ஒட்டிவிடும். அந்த ஒட்டு இருந்தால் பிஎஸ்3க்கு அது வேறு ஃபைல். பென் டிரைவ் ஃபேட்32ஆ என்றும் பாருங்கள். ஃபைல், கன்சோலில் முன்பு இருந்த பதிப்புக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். எப்போதோ இறக்கி வைத்த பழைய ஃபைல் உதவாது.

கழற்றிய பழைய பிஎஸ்3 டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் காலியாகக் காட்டுகிறது. உள்ளே குடும்பப் புகைப்படங்கள் இருந்தன.
– வாசகி, மதுரை

காலியாக இல்லை. அந்தக் கன்சோலுக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. கணினியிலோ வேறு பிஎஸ்3யிலோ திறக்காது. விண்டோஸ் ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்டால் ரத்து செய்துவிட்டு, டிஸ்க்கை அதே பிஎஸ்3யில் திரும்ப மாட்டுங்கள். நடுவில் எதுவும் எழுதப்படாமல் இருந்தால் முன்பு போலவே எழும். படங்களை அங்கிருந்து பென் டிரைவுக்குக் காப்பி செய்துகொள்ளலாம்.

பழைய டிஸ்க்கைப் புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை விற்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

பிஎஸ்3யில் யுஎஸ்பி டிரைவைச் சொருகி அதிலேயே கேம்களை வைத்துக்கொள்ள முடியாதா?

முடியாது. படம், பாட்டு, வீடியோ, சேவ் நகல், பேக்கப் ஆகியவற்றுக்கு மட்டும்தான் யுஎஸ்பி. கேம் உள்ளே இருக்கும் டிஸ்க்கில்தான் இறங்கும்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டால் பிஎஸ்3 பறக்கும் என்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

பறக்காது, நடை கொஞ்சம் வேகமாகும். பிஎஸ்3யின் சாட்டா முதல் தலைமுறை, 1.5 ஜிகாபிட், நடைமுறையில் விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் வழியே இல்லை. கடையில் 500 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும் எஸ்எஸ்டியும் அந்தக் குழாய் வழியாகத்தான் வர வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு பைட்டும் பூட்டித் திறக்கப்படுகிறது. ப்ளூரே டிரைவோ 2 எக்ஸ், விநாடிக்கு 9 எம்பிதான்; டிஸ்க்கிலிருந்து படிக்கிற நேரத்தில் எஸ்எஸ்டி வெறுமனே காத்திருக்கும். முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிய கேம்களில், அதுவும் திறந்தவெளி கேம்களில், லோடிங் குறைவது தெரியும். சத்தமும் சூடும் குறையும். விலை ஒத்துவந்தால் போடுங்கள். வேகத்துக்காக மட்டும் என்றால் எங்கள் ஓட்டு சாதாரண டிஸ்க்குக்கே.

12 ஜிபி சூப்பர் ஸ்லிம்மில் டிஸ்க்குக்கு இடம் இருக்கிறதா?
– வாசகர், நாகர்கோவில்

இருக்கிறது, தட்டு மட்டும் இல்லை. சிஇசிஎச்-4000 வரிசைக்கான மவுன்டிங் பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். பழைய ஸ்லிம்மின் தட்டு இதில் சேராது. பக்கவாட்டு மூடியை நகர்த்தி எடுத்தால் காலியான அறை தெரியும். டிஸ்க்கைப் போட்டபின் 12 ஜிபியும் புது டிஸ்க்கும் சேர்ந்து கூட்டுத்தொகையாக வராது. சேமிப்பு டிஸ்க்குக்கு மாறிவிடும். ஸ்டோரிலிருந்து இறக்கும் கேம், முதலில் பொட்டலமாக வந்து பிறகு பிரிக்கப்படுவதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கேட்கும். 12 ஜிபியில் 7 ஜிபி கேம் இறங்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

புது டிஸ்க்குக்குப் பணமில்லை. சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் டிஸ்க் வாங்கலாமா? எக்ஸ்டர்னல் டிரைவைப் பிரித்து உள்ளே இருப்பதைப் போடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பழைய டிஸ்க் வாங்கலாம், கடையிலேயே சோதித்துவிட்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: 05 என்ற எண்ணுள்ள ரீஅலொகேட்டட் செக்டர், சி5 என்ற பென்டிங் செக்டர். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5இல் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிஎஸ்3 அந்த இடத்தைத் தொடும்போதெல்லாம் உறையும். ஓடிய மணி நேரக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம், அதைப் பூஜ்யமாக்கி விற்பவர்கள் உண்டு. லேபிள் புத்தம் புதிதாகவும் ஸ்க்ரூ ஓட்டைகளில் கீறலும் இருந்தால் எது உண்மை என்று உங்களுக்கே தெரியும்.

எக்ஸ்டர்னலைப் பிரிப்பது சூதாட்டம். சில பிராண்டுகளின் 2.5 அங்குல டிரைவ்களில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா கனெக்டரே கிடையாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் இது சகஜம். 4 டிபி, 5 டிபி என்றால் உள்ளே இருப்பது 15 மிமீ தடிமன். பிரித்தபின் வாரன்டியும் போய், டிஸ்க்கும் பொருந்தாமல் நிற்பீர்கள்.

மின்தடைக்குப் பிறகு பிஎஸ்3, ‘ஃபைல் சிஸ்டம் பழுது’ என்று சொல்கிறது. மெனுவும் நத்தை வேகம். டிஸ்க் போய்விட்டதா?
– வாசகர், விழுப்புரம்

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் நல்ல டிஸ்க்கிலும் கணக்கு குழம்பும். கன்சோலை அணைத்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப், பிறகு இன்னொரு பீப், அப்புறம் தானே அணையும். மறுபடி அழுத்திப் பிடித்து, அடுத்தடுத்து இரண்டு பீப் கேட்டதும் விடுங்கள். சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் இணைக்க வேண்டும்.

3ஆவது தேர்வு ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும். அதில் தீராவிட்டால் 4ஆவது, டேட்டாபேஸ் ரீபில்ட். இதில் கேமும் சேவும் தங்கும். மெசேஜ், பிளேலிஸ்ட் போன்றவை போகும். 5ஆவது எல்லாவற்றையும் துடைத்துவிடும், தெரியாமல் கை வைத்துவிடாதீர்கள். 3ஐயும் 4ஐயும் செய்தபின் ஒரு வாரத்துக்குள் கரன்ட் போகாமலே அதே செய்தி வந்தால், அப்போது டிஸ்க்தான் காரணம்.

பேக்கப், ஃபார்மட், ரீஸ்டோர் மூன்றையும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். ஆனால் ரீஸ்டோர் முடியும்வரை சின்ன யுபிஎஸ் தாக்குப்பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆரம்ப கால மாடல் 200 வாட்டை நெருங்கும். மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360க்கும் லேப்டாப் டிஸ்க் வாங்கி உள்ளே போடலாம்தானே?
– வாசகர், கோவை

உள்ளே இருப்பது லேப்டாப் டிஸ்க்தான், ஆனால் நீங்கள் வாங்குவதை அது ஏற்காது. மைக்ரோசாஃப்ட் தன் டிஸ்க்குகளில் கையெழுத்திட்ட ஒரு பாதுகாப்புப் பகுதியை எழுதி வைத்திருக்கிறது. அது இல்லாத டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. ‘360க்குப் பொருந்தும்’ என்று மலிவாக விற்பவற்றில் அந்தப் பகுதியை நகலெடுத்து ஏற்றியிருப்பார்கள். தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் யுஎஸ்பி போதும். 2010இல் இந்த வசதி வந்தபோது 16 ஜிபிதான் வரம்பு. இப்போது கடைசி அப்டேட் உள்ள கன்சோலில் 2 டிபி வரை ஏற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜில் போய் ‘கான்ஃபிகர்’ கொடுத்தால் டிரைவில் உள்ளதை அழித்துத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும். ஒரே குறை, முதல் எக்ஸ்பாக்ஸின் பழைய கேம்களை 360இல் ஓட்ட அசல் ஹார்ட் டிஸ்க் கட்டாயம்; யுஎஸ்பி அங்கே செல்லாது.

பெரிய 360இன் டிஸ்க் பெட்டி, பின்னால் வந்த ஸ்லிம்மான 360 எஸ்ஸில் மாட்டாது. பெட்டியைப் பிரித்தால் (டார்க்ஸ் வகை ஸ்க்ரூட்ரைவர் டி6, உள்ளே டி10, ஒரு ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும்) வரும் டிஸ்க், எஸ்ஸின் அறைக்குள் நுழையும். 360இன் ஸ்டோர் 2024 ஜூலை 29இல் மூடப்பட்டுவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை. ஏற்கெனவே வாங்கி டிஸ்க்கில் வைத்திருப்பவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்4இல் உள் டிஸ்க்கை மாற்றுவதா, வெளியே மாட்டுவதா?
– வாசகி, சேலம்

உள் டிஸ்க் நன்றாக இருந்தால் வெளியே மாட்டுங்கள். 2017 மார்ச்சில் வந்த 4.50 பதிப்பிலிருந்து 250 ஜிபி முதல் 8 டிபி வரையான யுஎஸ்பி 3.0 டிரைவ் செல்லும். நேராகக் கன்சோலில் சொருக வேண்டும், ஹப் வழியாகக் கூடாது. கேம்கள் மட்டும்தான் வெளியே போகும். சேவ், ஸ்க்ரீன்ஷாட் உள்ளேயே இருக்கும். மெனுவில் நிறுத்தாமல் டிரைவைப் பிடுங்கினால் அடுத்த முறை பழுதுபார்ப்பு ஓடும்.

உள் டிஸ்க்கே தகராறு என்றால் மாற்றத்தான் வேண்டும். அளவு பிஎஸ்3க்குச் சொன்னதேதான், 9.5 மிமீக்கு மிகாமல். 2 டிபி தாராளமாகப் போடலாம். முதல் மாடலில் மேலே உள்ள பளபளப்பான மூடியை நகர்த்தினால், பிளேஸ்டேஷன் சின்னங்கள் பொறித்த ஒரே ஸ்க்ரூ தெரியும். எல்லோரும் சறுக்குவது மென்பொருளில்: சோனி தளத்தில் சாதாரண அப்டேட், முழு ரீஇன்ஸ்டால் என்று இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. காலி டிஸ்க்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். அது சுமார் 1 ஜிபி. அதில் பாதிதான் இருக்கிறது என்றால் தவறான ஃபைல். பவர் பட்டனை ஏழு விநாடி பிடித்து, இரண்டாவது பீப்புக்குப் பிறகு விட்டு, சேஃப் மோடில் 7ஆவது தேர்வு.

நின்டெண்டோவின் வீ யூ கன்சோலில் எதைப் போடலாம்?

யுஎஸ்பி டிஸ்க், 2 டிபி வரை. பென் டிரைவ் வேண்டாம். ஓயாமல் எழுதுவதை அது தாங்காது. சொந்த அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிரைவ் நல்லது. கையடக்க டிரைவ் என்றால் இரண்டு யுஎஸ்பி முனை கொண்ட ஒய் கேபிள் போட்டு இரண்டு போர்ட்டிலிருந்தும் கரன்ட் கொடுங்கள். ஒரே போர்ட்டில் மாட்டினால் கேம் நடுவில் டிஸ்க் காணாமல் போகும்.

பிஎஸ்2 ஸ்லிம்மில் ஹார்ட் டிஸ்க் மாட்ட வழி உண்டா?
– வாசகர், காரைக்கால்

இல்லை. பின்பக்கம் விரிவாக்க அறை உள்ள பெரிய பிஎஸ்2யில்தான் அது முடியும், அதுவும் நெட்வொர்க் அடாப்டர் இருந்தால். அதில் போகிறது 3.5 அங்குல ஐடிஇ (சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு) டிஸ்க். ஸ்லிம்மில் அந்த அறையே எடுக்கப்பட்டுவிட்டது. யுஎஸ்பியில் சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள்: பிஎஸ்2யின் யுஎஸ்பி 1.1 வகை. விநாடிக்கு ஒரு எம்பி தேறினாலே பெரிது, கேமுக்குள் வரும் வீடியோக்கள் திக்கித் திக்கித்தான் ஓடும்.